ஆல்பேட்டையிலிருந்து நேரு வீதி வரை

மெக்கானிக் தம்பி ஸ்கூட்டருக்கு அடியில் குனிந்து இன்ஜின் போல்ட்டைக் கழற்றினான். பாதியாக வெட்டி வைத்திருந்த ஆயில் டப்பாவில், பால் அதிகம் விட்ட டீ மாதிரி ஒன்று கொழகொழவென்று இறங்கியது. "பாருங்கக்கா, உள்ள தண்ணி பூந்துடுச்சு" என்றான். ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அப்படித்தான் வெளுத்துவிடுமாம். ஏர் ஃபில்டரை எடுத்துப் பிழிந்தான். சைலன்சரைச் சாய்த்ததும் சேற்றுத் தண்ணீர் வந்தது, கூடவே ஒரு வேப்பிலையும்.

2024 டிசம்பர் முதல் வாரம் அது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. மழை விட்டது, தப்பித்தோம் என்று கடலூரில் நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில் மேற்கிலிருந்து தண்ணீர் வந்தது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை இரண்டு கரையும் தாண்டி ஆல்பேட்டை, கங்கணாங்குப்பம், தாழங்குடா, குண்டு உப்பலவாடி என்று பரவிவிட்டது. ஆறு எங்கள் வாசலுக்கு வந்தபோது அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றத்தான் நேரம் இருந்தது. ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே முங்கியது.

வண்டியைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆகும் என்றான் தம்பி. அதுவரை பஸ்ஸில் போகலாம் என்று ஆரம்பித்தேன். வண்டி எப்போதோ சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டது. கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எடுக்கிறேன். வேலைக்கு மட்டும் இன்னும் பஸ்தான்.

என் வேலை கணக்கெழுதுவது. புதுச்சேரியில் நேரு வீதிக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடை. முதலில் பேரேட்டில் எழுதினேன், பிறகு கம்ப்யூட்டரில். 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாதத்துக்கு இரண்டு முறை தலை நிமிர நேரமில்லாமல் போகும், மற்ற நாட்களில் சாதாரணமாக ஓடும். 1999லிருந்து இதே வழியில் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஆல்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், கங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், முதலியார்பேட்டை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் வேகத்தடைகளை வைத்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன்.

இதில் முதலியார்பேட்டைதான் நான் பிறந்த ஊர். கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தேன். அதனால் தினமும் காலையில் பிறந்த வீட்டைத் தாண்டி வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் அதைத் தாண்டித் திரும்புகிறேன். இறங்கிப் பார்க்க நேரம் கிடைப்பது மாதத்துக்கு ஒருமுறை.

அப்பாவும் வேலைக்குப் போனவர்தான். அவர் போன தூரம் இரண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. ரோடியர் மில் என்று ஊரே சொல்லும் ஏ.எஃப்.டி. மில்லில் வேலை. 1898ல் தொடங்கிய துணி மில். கடலூர் ரோட்டில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். முதல் ஷிப்ட் என்றால் சங்கு ஊதும்போது அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். சங்கு ஊதிய பிறகுகூட அவசரமில்லாமல் கிளம்பலாம், அவ்வளவு பக்கம். பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்க வலது காலில் ஒரு கிளிப் போடுவார். ஹேண்டில்பாரில் தூக்கு, கேரியரில் மடித்த துண்டு. தெருவில் ஒரு சைக்கிள் இறங்கும், அடுத்த சந்திலிருந்து நாலு சேரும். மெயின் ரோட்டுக்கு வரும்போது ரோடு முழுக்க சைக்கிளாக இருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து வரும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆயிரம் சக்கரங்களின் கிர்ர்ர் என்ற ஓசை, நடுநடுவே மணி, நடுநடுவே பேச்சு. ஓட்டிக்கொண்டே பேசுவார்கள். சினிமா, சங்கத் தேர்தல், யார் வீட்டில் விசேஷம், எல்லாம் மில் கேட்டுக்குப் போவதற்குள் முடிந்துவிடும்.

அப்பா அந்தச் சைக்கிளைப் பராமரித்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணைக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பார். அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு சொட்டுதான், கூட விட்டால் மண் ஒட்டும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார். நானும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் நிற்கும்வரை எண்ணுவோம். முப்பத்தைந்து வருஷம் அந்த மனிதர் வேலைக்குப் போக ஒரு சொட்டு பெட்ரோல் எரிக்கவில்லை. அதை ஒரு கொள்கையாக அவர் நினைத்ததும் கிடையாது. வேலை பக்கத்தில் இருந்தது, சைக்கிளில் போனார்.

அந்த ஊரில் வேலை நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1936 ஜூலை 30 அன்று, போராடிய மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வொரு ஜூலை 30க்கும் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அஞ்சலிக்குப் போவார். "எட்டு மணி நேரம்கறது சும்மா வரல பாப்பா" என்பார்.

பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் கணக்கெழுதுகிற புத்தியோடு என் நேரத்தையும் எழுதிப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷம், பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பஸ்ஸில் ஒரு மணி நேரம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு டெம்போவோ நடையோ. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று. மாதத்துக்கு 26 நாள் என்றால் 78 மணி நேரம். எட்டால் வகுத்தால் பத்து நாளுக்குக் கொஞ்சம் குறைவு. மாதாமாதம் கிட்டத்தட்ட பத்து நாள் வேலையை நான் ரோட்டில் செய்கிறேன், சம்பளம் இல்லாமல். எட்டு மணி நேரத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் ஊருக்கு வேலைக்குப் போகிற எனக்கு நாள் பதினோரு மணி நேரமாகிவிட்டது. எனக்கு மட்டுமா? காலையில் அந்த ரோட்டில் போகிற எல்லாருக்கும்தான். துணிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், தொழிற்பேட்டைக்குப் போகிற பையன்கள், கொத்தனார், சித்தாள்.

ரயில் இருந்தால் பாதி நேரத்தில் போய்விடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தண்டவாளம் கிடையாது. புதுச்சேரிக்கு 1879லேயே ரயில் வந்துவிட்டது, ஆனால் அது விழுப்புரத்திலிருந்து. கடலூரிலும் ரயில் உண்டு, அதுவும் விழுப்புரம் பாதைதான். இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் போக வேண்டுமென்றால் விழுப்புரம் போய்ச் சுற்றிக்கொண்டு சுமார் 85 கிலோமீட்டர். நேர் ரோட்டில் இருபத்திச் சொச்சம். ஒரு பக்கம் வெள்ளைக்காரன், மறுபக்கம் பிரெஞ்சுக்காரன் என்று இருந்த காலத்தின் கோடு இன்றும் தண்டவாளத்தில் தெரிகிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் புதுப் பாதை என்று பல வருஷமாகப் பேச்சு. என் மகன் பள்ளிக்கூடம் போனபோது பேசினார்கள், இப்போது அவன் வேலைக்குப் போகிறான்.

முள்ளோடை எல்லையைத் தாண்டும்போது எனக்குப் பாரதி ஞாபகம் வரும். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவர், ஆங்கிலேயர் எல்லைக்குள் வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். இன்று அந்த எல்லையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், முதலில் கண்ணில் படுவது பெட்ரோல் பங்க். புதுச்சேரியில் வரி குறைவு, விலை குறைவு. கடலூர்க்காரர்கள் டேங்க்கை அங்கேதான் நிரப்புவார்கள். நானும் பதினோரு வருஷம் நிரப்பினேன்.

அந்தப் பதினோரு வருஷத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2013ல் ஸ்கூட்டர் வாங்கியபோது எனக்குக் கிடைத்த சுதந்திரம் லேசுப்பட்டதில்லை. சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பஸ்ஸில் நெரிசலில் கண்ட கையும் மேலே படும் என்ற பயம் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் நாற்பத்தைந்து நிமிஷத்தில் வீட்டில் இருப்பேன். பெண்களுக்கு ஸ்கூட்டர் செய்த உதவியைச் சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். அதை மறந்துவிட்டு "பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆனால் மறுபக்கக் கணக்கும் இருக்கிறது. போக வர 45 கிலோமீட்டர், ஒரு லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து எப்படி இரண்டே கால் கிலோவுக்கு மேல் வரும் என்று முதலில் நான் நம்பவில்லை. பெட்ரோலில் இருக்கிற கரி, எரியும்போது காற்றிலிருக்கிற ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜன்தான். மாதத்துக்கு 26 லிட்டர், 60 கிலோ. லீவு, ஊரடங்கு எல்லாம் கழித்தாலும் பதினோரு வருஷத்தில் மூவாயிரம் லிட்டர். ஏழு டன் அளவுக்கு வாயுவை நான் ஒருத்தி மட்டும் ஆல்பேட்டைக்கும் நேரு வீதிக்கும் நடுவே விட்டிருக்கிறேன். அந்தக் கணக்கைக் காகிதத்தில் பார்த்த அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் அதே தூரத்துக்குப் பதினோரு லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ, ஆக மொத்தம் முப்பது கிலோ. பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் தலைக்கு 600 கிராம். ஸ்கூட்டரில் நான் விட்டதில் நாலில் ஒரு பங்கு. காலையில் எங்கள் பஸ்ஸில் ஐம்பது பேர் என்பது கூட்டம் குறைவான நாள்.

"எலக்ட்ரிக் வண்டி வாங்கிடலாமே" என்கிறார் என் வீட்டுக்காரர். அதையும் பார்த்தேன். 45 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட் கரண்ட் ஆகும். நம் நாட்டில் ஒரு யூனிட் தயாரிக்க சராசரியாக 700 கிராம் கரியமில வாயு போகிறது. ஆக ஒரு கிலோ. பெட்ரோலில் பாதிக்கும் குறைவு, நல்லதுதான். ரோட்டில் புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாத விஷயமில்லை. நெய்வேலி பக்கத்தில்தான் இருக்கிறது. 1950களிலிருந்து பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்து ஜனங்கள் எங்கள் பஸ்ஸிலும் வருகிறார்கள், புதுச்சேரிக்குக் கூலி வேலைக்கு. என் ஸ்கூட்டர் விடாத புகையை எங்கேயோ ஒரு புகைபோக்கி விடும். நிரம்பிய டீசல் பஸ்ஸில் ஓர் ஆள் போவது, மின்சார ஸ்கூட்டரில் ஓர் ஆள் போவதைவிடக் குறைவாகத்தான் எரிக்கிறது. பஸ்ஸே மின்சாரமாகிவிட்டால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டு எனக்கு மிஞ்சியது ஒரே கேள்விதான். எதில் போகிறேன் என்பதை மட்டும் ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? ஏன் இவ்வளவு தூரம் போகிறேன் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? அப்பாவின் இரண்டு கிலோமீட்டர் எனக்கு இருபத்திரண்டு ஆனது. என் மகனுக்கு சென்னை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு ராத்திரி போகிறான். ஒவ்வொரு தலைமுறைக்கும் வேலை வீட்டிலிருந்து விலகிக்கொண்டே போகிறது, அந்த இடைவெளியைத்தான் நாம் டீசலும் பெட்ரோலும் ஊற்றி நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வேலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால் போதுமா? கடலூர்க்காரியாக அதையும் என்னால் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. என் மாமியார் பிறந்த ஊர் கடலூர்–சிதம்பரம் ரோட்டில், உப்பனாற்றுக் கரையோரம். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்களாம். 1980களில் அந்தப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. வாசலிலேயே வேலை என்று ஊர் சந்தோஷப்பட்டது. பிறகு காற்றிலும் ஆற்றிலும் என்ன நடந்தது என்பதைக் குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி ஜனங்கள் இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். 2004 வாக்கில் அந்தக் கிராமத்துக்காரர்களே பிளாஸ்டிக் வாளியை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்து வைத்தார்கள். படித்த விஞ்ஞானிகள் செய்ய வேண்டிய வேலையை, அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே செய்தவர்கள் அவர்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. இன்றும் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது மாமியார் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார், வாசனை வந்தாலும் வராவிட்டாலும்.

அதனால் "வேலை பக்கத்தில் வேண்டும்" என்று நான் சொல்வதில் இன்னொரு பாதி உண்டு. பக்கத்தில் வரும் வேலை, பக்கத்தில் இருக்கிறவர்கள் மூச்சு விடுகிற மாதிரி இருக்க வேண்டும். தூரத்துக்குப் போய்ப் புகை விடுவதா, பக்கத்திலேயே விஷத்தைச் சுவாசிப்பதா என்று இரண்டில் ஒன்றை எங்கள் ஊர் மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

2020 மார்ச்சில் எல்லாமே நின்றது. முள்ளோடையில் தடுப்பு போட்டு எல்லையை மூடினார்கள். தமிழ்நாட்டு வண்டி உள்ளே போகக் கூடாது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த அம்மா அப்பாவைப் பார்க்க முடியவில்லை. முதலாளி கணக்கு ஃபைல்களை மெயிலில் அனுப்பினார், சமையலறைப் பக்கத்தில் மேஜை போட்டு நான் வேலை பார்த்தேன். மாதக் கணக்கு ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அந்த ஏப்ரலில் விடியற்காலை மொட்டை மாடியில் நின்றால் கடல் இரைச்சல் கேட்டது. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் பக்கமில்லை. இருபது வருஷமாக அந்த வீட்டில் இருந்தும் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அதே மாதக் கடைசியில்தான் அப்பா போன் செய்தார். ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. அப்பா ரிட்டயராகிப் பல வருஷம் ஆகியிருந்தது, மில்லும் பல காலமாகப் பெயருக்குத்தான் இருந்தது. இருந்தாலும் குரல் கம்மியிருந்தது. "மூடிட்டாங்களாம் பாப்பா" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான்தான், "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டேன். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார முடியாத எனக்கு அதைத் தவிர வேறு கேட்கத் தோன்றவில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஒரு ஊருக்கு நடந்து போகிற தூரத்தில், சைக்கிளில் போகிற தூரத்தில் வேலை கொடுத்த இடம். அதை மூடியதால் போன வேலைகளை யாரும் இதே ஊரில் இன்னொரு இடத்தில் சேர்த்துக் கொடுக்கவில்லை.

ஊரடங்கு முடிந்ததும் எல்லாரும் நேரில் வர வேண்டும் என்றார் முதலாளி. போனோம். வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று நிரூபித்த வேலைக்காக மறுபடி தினம் ஒரு லிட்டர் எரித்தேன். அப்போது எனக்கு அது தவறாகப் படவில்லை, அப்படித்தான் உலகம் என்று இருந்துவிட்டேன். ஆற்றுத் தண்ணீர் வண்டிக்குள் புகுந்த பிறகுதான் கேட்கத் துணிச்சல் வந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், இப்போது ஃபெஞ்சல். ஒவ்வொன்றுக்கும் என் ஸ்கூட்டர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடல் சூடேறச் சூடேறப் புயல்கள் அதிகத் தண்ணீரைச் சுமந்து வரும் என்று படித்த பிறகு, அந்தச் சூட்டில் என் ஏழு டன்னும் சேர்ந்திருக்கிறது என்பதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பொங்கல் முடிந்து ஒருநாள் முதலாளியிடம் போய் நின்றேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "சார், சனிக்கிழமை ஆள் வரத்து கடையிலதான் இருக்கு, கணக்குல இல்ல. அன்னைக்கு மட்டும் வீட்டுல இருந்து பண்றேனே." என் மூன்று மணி நேரக் கணக்கையும் காட்டினேன். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. "எழுபத்தெட்டு மணி நேரமாம்மா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் கழித்து, சரி, சனிக்கிழமை வர வேண்டாம் என்றார். கடலூரிலிருந்து வரும் இன்னும் இரண்டு பேருக்கும் அதே ஏற்பாடு.

மீதி ஐந்து நாள் பஸ். ஆல்பேட்டையில் ஏறும்போது உட்கார இடம் இருக்காது, திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலேயே நிரம்பிவிடும். கிருமாம்பாக்கத்தில் காலேஜ் பிள்ளைகள் இறங்கியதும் கண்டக்டர், "அக்கா, இங்க வாங்க" என்று இடம் காட்டுவார். பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அரியாங்குப்பம் வரை கொஞ்சம் தூக்கம், அல்லது ஜன்னல். இந்தப் பக்கத்து மரங்களைத் தானே புயல் சாய்த்துவிட்டது, பிறகு நட்டவை இப்போதுதான் நிழல் தருகிற உயரத்துக்கு வந்திருக்கின்றன. ஸ்கூட்டரில் போன வருஷங்களில் அவை வளர்ந்ததை நான் பார்க்கவே இல்லை. முன்னால் போகிற லாரியின் பின்புறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. இந்த ரோட்டில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் பஸ் இன்னும் கொஞ்சம் அடிக்கடி வர வேண்டும். தமிழ்நாட்டில் டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லை தாண்டிப் போகிற எங்களுக்கு அந்த வசதி கிடையாது. கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்காவது இரண்டு அரசும் பேசி ஒரு பாஸ் கொடுக்கலாம். முதலியார்பேட்டையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் சைக்கிளுக்கு ஒரு ஓரம் விடலாம். கடற்கரைச் சாலையைத் தினமும் சாயங்காலம் வண்டிகளுக்கு மூடி, ஜனங்கள் நிம்மதியாக நடக்க வழி செய்திருக்கிற ஊர் அது. சுற்றுலா வருகிறவர்களுக்குச் செய்ய முடிந்ததை வேலைக்கு வருகிறவர்களுக்கும் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

போன சனிக்கிழமை ஐந்தரைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் பாலம் வரை நடந்து போனேன். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல்மேட்டில் புல் முளைத்து, நாலு மாடுகள் மேய்ந்தன. ஆறேகால் வாக்கில் நான் வழக்கமாகத் திரும்பி வருகிற பஸ் புதுச்சேரிப் பக்கமிருந்து பாலத்தில் ஏறியது. படிக்கட்டு வரைக்கும் கூட்டம். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலில், வழக்கமாக நான் உட்காருகிற இடத்தில், சித்தாள் வேலைக்குப் போய்வருகிற ஒரு பெண் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனாள்.